ஆர்டிஸின் ஒரே மோசமான படம்

ஸ்டெயின்விக்கில் ஆர்டிஸ் பியார்னசனைத் தெரியாமல் வளர்ந்தவர்கள் கிடையாது. ஏரிக்கரையோரத்து அந்தச் சின்ன ஊரில் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் அவள். ஜனவரி மாதத்தில் பாதை எது, வயல் எது என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற காலையிலும் அவள் வண்டி வந்து நின்றுவிடும். பின்சீட்டில் நடக்கிற அடிதடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டைலர், அந்தத் தொப்பியை அவன்கிட்டயே குடுத்துடு" என்பாள். டைலருக்கு இப்போது நாற்பது வயது. மளிகைக்கடையில் அவளைப் பார்த்தால் இன்றைக்கும் கை தன்னால் தொப்பிக்குப் போகிறது.

அவள் புருஷன் ஐனர் விமான மெக்கானிக். போர்க்காலத்தில் பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் போட்ட ஓடுபாதை ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. போர் முடிந்து அரசாங்கம் போய்விட்டது, ஓடுபாதை தங்கிவிட்டது. அந்தக் காலத்துப் பயிற்சி விமானங்கள் சிலவற்றை ஊர்க்காரர்கள் தேடிப் பிடித்து, வீட்டில் திட்டு வாங்கி, இருந்த காசையெல்லாம் கொட்டிப் பறக்க வைத்திருந்தார்கள். அவற்றின் என்ஜின்கள் அத்தனையும் ஐனர் கைக்குத்தான் வரும். சனிக்கிழமை காலையில் விமானக் கொட்டகைக்குப் போனான் என்றால் இருட்டின பிறகுதான் வீடு. கல்யாணமான புதிதில் ஆர்டிஸ் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அழுதாள். மூன்றாவது சனிக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு தானும் கிளம்பிவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு விடவில்லை.

பறக்கிற பழைய விமானத்தைப் படம் எடுப்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. கேமராவின் ஷட்டரை வேகமாக வைத்தால் படம் அலுங்காமல் குலுங்காமல் விழும். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் எடுப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், விமான மூக்கில் சுழன்றுகொண்டிருந்த ப்ரொப்பெல்லர் விசிறி ஆணியடித்த மாதிரி நின்றுகொண்டிருக்கும். என்ஜின் செத்த விமானம் ஆகாயத்தில் தொங்குவது போல இருக்கும். ஷட்டரை மெதுவாக வைத்தால்தான் ப்ரொப்பெல்லர் புகை வட்டமாகத் தெரியும். ஆனால் மெதுவாக வைத்தால் கை நடுக்கமும் சேர்ந்து விழுந்துவிடும். அதனால் விமானம் போகிற வேகத்துக்கே கேமராவோடு உடம்பையும் திருப்பிக்கொண்டு போக வேண்டும். சரியாகத் திரும்பினால் விமானம் தெளிவாக வரும், பின்னால் நிற்கிற மரங்கள் மட்டும் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். மற்றவர்களுக்கு நூறு எடுத்தால் நாலு தேறும். ஆர்டிஸுக்குப் பாதிக்குப் பாதி தேறும்.

"இது கையால எடுக்கிறதில்ல, இடுப்பால எடுக்கிறது," என்பாள். "பஸ் ஓட்டி ஓட்டி என் இடுப்பே ஸ்டியரிங் மாதிரி ஆயிடுச்சு."

ஓடுபாதை வேலியோரத்தில் எப்போதும் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவர் டெல்பர்ட், ஓய்வுபெற்ற தபால்காரர். அவளுடையதைப் போல மூன்று மடங்கு விலையுள்ள கேமரா வைத்திருக்கிறார். அவர் எடுத்த படங்களில் ஒரு ப்ரொப்பெல்லராவது சுழன்றதில்லை.

"என்ன டெல்பர்ட், உங்க விமானமெல்லாம் இந்த வருஷமும் வேலைநிறுத்தமா?" என்று ஆர்டிஸ் கேட்பாள்.

"பேசு, பேசு. நீயும் ஒரு நாள் மாட்டுவே. அன்னிக்கு ஊரைக் கூட்டி வெச்சுச் சிரிப்பேன்," என்பார் அவர்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒவ்வொரு விமானிக்கும் அந்த வருடம் எடுத்ததில் நல்ல படம் ஒன்று அவளிடமிருந்து போகும். காசு வாங்க மாட்டாள். முடி வெட்டுகிற கடையில், வங்கியில், தேவாலயத்தின் கீழறையில் காபி போடுகிற இடத்தில்கூட அவள் எடுத்த மஞ்சள் விமானங்கள் தொங்குகின்றன. ஐனரின் கொட்டகையில் சுவரே தெரியாது. "சாமி படம் மாட்டக்கூட இடமில்ல" என்று வருகிறவர்களிடம் சலித்துக்கொள்கிற மாதிரி பெருமையடித்துக்கொள்வான்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று அவள் வீட்டில் இருந்தது. படுக்கையறை ஃபேனை அவள் நிறுத்த விட மாட்டாள். கோடையில் சரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பதில் மரம் வெடிக்கிற குளிரிலும் அது தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். "நான் என்ன மீனா, ஐஸுல போட்டு வெக்கிறதுக்கு?" என்று ஐனர் போர்வைக்குள்ளிருந்து புலம்புவான். அவளுக்கு உடம்பில் ஏதோ சூடு என்று நினைத்து, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டான். விசையை அணைத்தால் ஃபேனின் வட்டம் முதலில் கலையும். அப்புறம் இறக்கைகள் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் நிற்கும். அந்த நிற்கிறதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. பார்த்தால் லைல் கோஸ்டியுக்கின் முகம் வந்துவிடுகிறது.

லைல் கோழிப்பண்ணைக்காரன். ஐனருக்குப் பால்ய சினேகிதன். பேச ஆரம்பித்தால் காபி ஆறி, இரண்டாம் தடவை சுடவைத்து, அதுவும் ஆறும். போர்க்காலத்து மஞ்சள் ஹார்வர்டு பயிற்சி விமானம் ஒன்று அவனிடம் இருந்தது. அதன் சத்தம் தகரத்தைக் கிழிக்கிற சத்தம். ஒன்று பறந்தாலே பல் கூசும். ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதத்து விமானத் திருவிழாவில், அவனும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் இரண்டு ஹார்வர்டுகளில் ஜோடியாகப் பறந்தார்கள். இரண்டும் ஓடுபாதையை ஒட்டித் தாழ வந்தன. முன்னால் வந்தது லைல். ஓடுபாதை முடிகிற இடத்தில் பலகாரக் கூடாரம். ஊரில் பாதி அதற்குள் உட்கார்ந்து பான்கேக் தின்றுகொண்டிருந்தது. லைலின் மனைவி பெர்னிஸ் அடுப்படியில் நின்றிருந்தாள். கூடாரத்தை நெருங்கும்போது லைல் திடீரென்று விமானத்தின் மூக்கைத் தூக்கினான். செங்குத்தாக ஏறி ஏரிப் பக்கம் ஒருக்களித்தான். அப்படியே ஓர் இறக்கைமேல் சாய்ந்து தண்ணீரில் விழுந்தான்.

லைலையும் விமானத்தின் வாலையும் ஏரி திருப்பிக் கொடுத்தது. என்ஜின் சேற்றில் புதைந்துபோனது. விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: கடைசி வரைக்கும் என்ஜின் உறுமிக்கொண்டுதான் இருந்தது, வித்தை காட்டப் போய் விழுந்தான். இத்தனை பேர் ஒரே வாயாகச் சொல்லும்போது சேற்றைத் தோண்டுவானேன் என்று அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பின்னால் வந்த இரண்டாவது விமானம் அவர்கள் காதை அடைத்துக்கொண்டிருந்தது.

ஐனர் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. திறந்தபோது வந்தது கோபம். "ரெண்டு கைதட்டலுக்காக உசிரை விட்டானே, முட்டாப்பய," என்று விமானிகள் சங்கக் கூட்டத்தில் மேசையைக் குத்தினான். இனிமேல் கூடாரத்துக்கு எதிரே யாரும் மூக்கைத் தூக்கக் கூடாது என்று ஒரு விதி போட வைத்தான். அதற்கு லைல் விதி என்று பேர் வந்துவிட்டது. ஒவ்வொரு திருவிழாவிலும் காலையில் விமானிகளை நிற்க வைத்து அதை ஒலிபெருக்கியில் படிப்பதும் ஐனர்தான். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட, சைக்கிளில் கையை விட்டு ஓட்டுகிறவனைப் பார்த்து, "லைல் வேலை காட்டாதடா" என்கிறார்கள். பெர்னிஸ் காதுபடவே சொல்கிறார்கள்.

லைல் விழுந்த அன்று சாயங்காலம் ஐனர் படகுக்காரர்களோடு ஏரியில் இருந்தான். ஆர்டிஸ் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தாள். லைல் மூக்கைத் தூக்கத் தொடங்கின அந்தக் கணம் அவள் கேமராவில் இருந்தது. விமானம் படம் முழுக்க நிறைந்திருந்தது. கண்ணாடிக்குள் லைலின் முகம் கூடாரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ப்ரொப்பெல்லரின் இரண்டு இறக்கைகளும் விளிம்பு தெரிய நின்றுகொண்டிருந்தன.

ஐயோ, ஷட்டர் சக்கரம் நகர்ந்துவிட்டதே என்பதுதான் அவள் மனசில் முதலில் வந்தது. மனுஷன் செத்துக் கிடக்கும்போது தன் படம் கெட்டதற்கு வெட்கப்பட்டாள். அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை இன்று வரை மன்னிக்கவில்லை. அடுத்த நொடியில் பின்னாலிருந்த மரங்களைப் பார்த்தாள். அவை கோடு கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தன. ஷட்டர் எந்த வேகத்தில் இருந்தது என்பதைக் கேமராவே படத்தோடு பதிந்து வைத்திருந்தது. எப்போதும் வைக்கிற மெதுவான வேகம்தான். ஷட்டர் நகரவில்லை. ப்ரொப்பெல்லர்தான் நின்றிருக்கிறது.

மெக்கானிக் வீட்டில் முப்பது வருடம் சாப்பாடு பரிமாறினவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்ஜின் சும்மா அணைந்தால் ப்ரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஒரேயடியாக நிற்க வேண்டுமானால் உள்ளே இறுகிப் பிடித்திருக்க வேண்டும். எண்ணெய் வடிந்துபோனால்தான் அப்படிப் பிடிக்கும். அதற்கு முந்தின வாரம் முழுக்க அந்த என்ஜினைப் பிரித்து, எண்ணெய்க் குழாய்களை மாற்றிக் கட்டியவன் ஐனர்.

ஐனரின் அப்பா மீன்படகு வைத்திருந்தவர். அவர் படகில் வேலைக்கு ஏறிய பையன் ஒருவன் அவர் சரியாகக் கட்டாத கயிற்றில் சிக்கிச் செத்தான். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வசந்தத்தில், ஏரிமேல் பனிக்கட்டி மெலிந்து கறுத்த ஒரு காலையில், அவர் கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு அதன்மேல் நடந்து போனார், திரும்பி வரவில்லை. எங்கே மெலிந்திருக்கும் என்று அந்தக் கரையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. ஐனர் அப்பாவை அப்படியே உரித்து வைத்தவன் என்று எல்லோரும் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது மூக்கும் தாடையும். ஆர்டிஸுக்கு அது பயம்.

ஐனர் நனைந்து வீட்டுக்குள் வந்தான். "எடுத்தியா?" என்றான்.

"இல்ல. பேட்டரி மாத்தப் போயிருந்தேன்."

"நல்லதாப் போச்சு," என்றான் அவன். "நீயாவது அதைப் பாக்கல."

அன்றிலிருந்து ஒன்பது வருடம் அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வேலியோரத்தில் நின்று கேமராவில் கண்ணை வைத்தால், சுழல்கிற ஒவ்வொரு ப்ரொப்பெல்லரும் இதோ நிற்கப்போகிறது என்று தோன்றும். படத்தை அழித்துவிட எத்தனையோ தடவை கை போயிருக்கிறது. அழித்தால் லைலை இரண்டாம் தடவை கொல்கிற மாதிரி இருந்தது. காட்டினால் ஐனர். இரண்டும் முடியாமல் அது கம்ப்யூட்டருக்குள்ளே இருந்தது, அவள் தூக்கத்துக்குள்ளும் இருந்தது. மளிகைக்கடையில் பெர்னிஸை எதிரே பார்க்க நேர்ந்தால் மாவு மூட்டைகளின் விலையை உற்றுப் படிப்பாள்.

பெர்னிஸ் லேசுப்பட்டவள் இல்லை. புருஷன் விழுந்த அடுத்த வருடமே அதே அடுப்படியில் வந்து நின்று பான்கேக் திருப்பியவள். ஆனால் கல்லறைப் பக்கம் அவள் போவதில்லை. "நான் இருபது அடியில நின்னுக்கிட்டிருந்தேன். என்னைவிட அந்தக் கைதட்டல் பெருசாப் போச்சு அந்த மனுஷனுக்கு," என்று ஒருமுறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதன் பிறகு லைல் பேச்சை அவளிடம் எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவள் இந்த ஜூன் மாதம் தானாகவே ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தாள். கையில் பெர்ரிப்பழக் கேக். ஐனர் கொட்டகைக்குப் போயிருந்தான்.

"இந்தத் தடவை கூடாரத்துல பழைய படமெல்லாம் ஒட்டப் போறாங்களாம்," என்றாள் பெர்னிஸ். "லைலோட படமும் ஒண்ணு வேணும்னு கேட்டாங்க. எங்கிட்ட கல்யாணப் படம்தான் இருக்கு. அதை ஒட்டினா சிரிப்பாங்க. எனக்கு அன்னிக்கு எடுத்தது வேணும்."

"அன்னிக்கு நான் எடுக்கலையே பெர்னிஸ். அப்பவே சொன்னேனே."

"சொன்னே. ஆனா நான் அடுப்புகிட்டேருந்து உன்னைப் பாத்தேன். கேமரா உன் மூஞ்சிலதான் இருந்துச்சு." பெர்னிஸ் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள். குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "ப்ரொப்பெல்லர் சரியா விழலைன்னு மூலையில போட்டிருப்பே. உங்க ஆளுங்களுக்கு அதுதானே உலகம். எனக்கு அந்தக் கண்றாவியெல்லாம் வேண்டாம், ஆர்டிஸ். அவர் மூஞ்சி தெரிஞ்சாப் போதும். திட்டறதுக்காவது ஒரு மூஞ்சி வேணும்ல?"

ஆர்டிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒன்பது வருடமாகத் தேடிக் கிடைக்காத வழியைப் பெர்னிஸே கையில் கொடுத்துவிட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. மோசமான படம். ஷட்டரை வேகமாக வைத்துக் கெடுத்த படம். பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். விமானத்தைப் பார்ப்பார்களே தவிர, அதன் பின்னாலிருக்கிற மரத்தை யார் பார்க்கிறார்கள்? ஊர் சிரிக்கும், டெல்பர்ட் வருடக்கணக்கில் சிரிப்பார். சிரிக்கட்டும். பெர்னிஸுக்கு முகம் கிடைக்கும். ஐனருக்கு ஒன்றும் ஆகாது. தன் பேர் போவதுதான் விலை என்றால் அது அவளுக்கு மலிவாகவே பட்டது.

"ஒண்ணு இருக்கு," என்றாள். "ரொம்ப மோசமா வந்தது. வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

"பாத்தியா," என்றாள் பெர்னிஸ். கை நீட்டி ஆர்டிஸின் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டிக்கொடுத்தல் ஆர்டிஸுக்கு நெருப்பாகச் சுட்டது.

அவள் ஐனரிடம் சொல்லவில்லை. நகரத்துக்குப் போய்ப் பெரிதாக அச்சுப்போட்டு, பெர்னிஸ் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். திருவிழா அன்று ஐனரை எப்படியாவது கூடாரத்துக்குள் விடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவன் வழக்கமாக நாள் முழுக்க விமானங்களோடுதான் நிற்பான், சாப்பாட்டை அவள்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

திருவிழாக் காலை வெயிலும் காற்றும் சரியாக இருந்தது. ஏரியிலிருந்து ஈசல் போலக் கிளம்பின மீன்பூச்சிகள் வேலி, கார், தொப்பி என்று ஒன்று விடாமல் அப்பியிருந்தன. நடந்தால் செருப்புக்கடியில் நொறுங்கின. நாலு ஊரிலிருந்து வந்த விமானங்கள் புல்லில் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கியில் ஐனர் கனைத்துக்கொண்டான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. லைல் விதி. கூடாரத்துக்கு எதிர்ல யாரும் மூக்கைத் தூக்கக் கூடாது. நமக்கு ஒருத்தன் காட்டின வித்தை போதும்."

கூடாரத்துக்குள் பெர்னிஸ் தலை நிமிராமல் மாவை ஊற்றினாள். அவளுக்குப் பின்னால், பழைய படங்கள் மாட்டிய பலகையின் நடுவில், லைலின் படம் குத்தியிருந்தது.

டெல்பர்ட்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு கையில் தட்டு, மறு கையில் கண்ணாடி. பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், முகம் மலர்ந்துபோனது.

"வாங்கப்பா, எல்லாரும் இங்க வாங்க," என்றார். "நம்ம மகராசி ப்ரொப்பெல்லரை நிறுத்திப்புட்டா."

வேலியோரத்து ஆட்கள் வந்தார்கள், விமானிகள் வந்தார்கள். லைலைப் பற்றி நேரடியாகப் பேசக் கூச்சப்பட்டவர்களுக்கெல்லாம் சிரிக்க ஒரு காரணம் கிடைத்த நிம்மதி.

"ஆர்டிஸ், அன்னிக்கு உங்க இடுப்புக்கு லீவா?"

"பஸ்ஸு நியூட்ரல்ல இருந்திருக்கும்."

"ஆமாமா, மாட்டிக்கிட்டேன்," என்று ஆர்டிஸும் சிரித்தாள். "இத்தனை வருஷம் ஒளிச்சு வெச்சிருந்தேன். விடுங்க, பொழச்சுப் போறேன்." எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. பெர்னிஸ்கூட அடுப்படியிலிருந்து லேசாகச் சிரித்தாள். ஆர்டிஸுக்கு நெஞ்சிலிருந்த கல் ஓர் அங்குலம் நகர்ந்தது போல இருந்தது.

"என்ன இங்க ஒரே கும்மாளம்?"

ஐனர் காபிக் கோப்பையோடு கூடார வாசலில் நின்றான். ஒலிபெருக்கியில் பேசித் தொண்டை வறண்டு வந்திருந்தான்.

"உன் பொண்டாட்டி மானம் கப்பலேறிடுச்சு, வா," என்றார் டெல்பர்ட்.

ஆர்டிஸ் எழுந்து குறுக்கே போனாள். "ஒண்ணுமில்ல, நீ போ, நான் தட்டுல போட்டு எடுத்துட்டு வரேன்."

அவன் அவள் தோளுக்கு மேலே படத்தைப் பார்த்துவிட்டான். கிட்டே போனான். லைலின் முகத்தைத்தான் முதலில் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில், "எடுக்கலைன்னு சொன்னியே," என்றான்.

"மோசமா வந்துச்சு. அதான்."

"மோசமாவா? என்னுதைவிடக் கேவலம்," என்று டெல்பர்ட் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஷட்டரைத் தலைதெறிக்க வெச்சு எடுத்திருக்கா. இவதான் எனக்கு இத்தனை வருஷமா பாடம் நடத்தினவ."

சிரிப்பு மறுபடி எழுந்தது. ஐனர் சிரிக்கவில்லை. கொட்டகைச் சுவர் முழுக்க அவள் படங்களை மாட்டி வைத்திருப்பவன் அவன். அவளைத் தான் கேலி செய்யலாம், ஊர் செய்யக் கூடாது. காது மடல் சிவந்துவிட்டது.

"வாயை மூடு டெல்பர்ட். இவ இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அப்படி வெச்சதில்ல. படத்தைப் பாக்கவே தெரியாத உனக்கெல்லாம் எதுக்குய்யா கேமரா?"

"ஐனர், விடு. நான்தான் தப்பாப் பண்ணிட்டேன்னு சொல்றேன்ல," என்றாள் ஆர்டிஸ். அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ இரு. சும்மா விட்டுக்குடுத்துக்கிட்டு." அவன் கையை உதறிவிட்டுப் படத்தின்மேல் விரலை வைத்தான். "பின்னாடி மரத்தைப் பாருங்க எல்லாரும். எப்படி இழுத்துக்கிட்டுப் போயிருக்கு? ஷட்டர் வேகமா இருந்தா மரம் இப்படி விழுமா? இலை இலையா விழும். இவ எப்பவும்போல மெதுவாத்தான் வெச்சிருக்கா. மெதுவா வெச்சா ப்ரொப்பெல்லர் வட்டமா வரணும். இப்படி நிக்காது. நிக்கணும்னா..."

விரல் மரங்களிலிருந்து ப்ரொப்பெல்லருக்கு வந்திருந்தது. அங்கேயே இருந்தது.

முதலில் புரிந்துகொண்டவர்கள் விமானிகள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். டெல்பர்ட் சிரித்த வாயை மூட மறந்து நின்றார். பெர்னிஸ் அடுப்பை அணைத்தாள்.

"நிக்கணும்னா என்ன, ஐனர்?" என்று கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தே பேசினான். கெட்டுப்போன என்ஜினைப் பற்றிச் சொல்கிற அதே நிதானமான குரல்.

"உள்ளே பிடிச்சுக்கிச்சு, பெர்னிஸ். எண்ணெய் போயிருக்கு. என்ஜின் செத்துப்போச்சு, இங்க வரும்போதே." மூச்சு விட்டான். "அவன் வித்தை காட்டல. நேரா வந்திருந்தா கூடாரத்து மேலேதான் விழுந்திருப்பான். இருந்த வேகத்தை வெச்சு மேலே தூக்கியிருக்கான். ஏரிப் பக்கம் திருப்பியிருக்கான். அதுக்கு மேல அவனால முடியல." அப்புறம் சொன்னான்: "நான் கட்டின என்ஜின்."

பெர்னிஸ் கையிலிருந்த தோசைக் கரண்டியோடு பலகைக்குக் கிட்டே வந்தாள். படத்திலிருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அவர் என்னைத்தான் பாக்கிறார்," என்றாள். பிறகு ஆர்டிஸ் பக்கம் திரும்பினாள். "இது உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

பொய் ஒன்றும் ஆர்டிஸின் வாய்க்கு வரவில்லை. "அன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து."

"ஒம்போது வருஷம் நான் அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன், ஆர்டிஸ்," என்றாள் பெர்னிஸ். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் படத்தைப் பலகையிலிருந்து எடுத்தாள். மாவு பட்ட மேலாடையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கூடாரத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்டிஸ் அவள் பின்னால் போக ஓரடி எடுத்து வைத்தாள். அப்போதுதான் ஐனர் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவன் மேசை விளிம்பிலிருந்து கோப்பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தான். மேல்சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டான். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பிறகு கூடாரத்தை விட்டு வெளியே இறங்கி, விமானங்கள் நிற்கிற பக்கம் போகாமல், வேலியைத் தாண்டி ஏரிக்குப் போகிற மண்பாதையில் நடந்தான்.

"ஐனர்," என்று கூப்பிட்டாள். அவன் காதில் விழவில்லையோ, விழுந்ததோ. அறுபது வயதுப் பெண் கேமரா கழுத்தில் இடிக்க இடிக்க ஓடினதை அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள். பாதி வழியில் எட்டிப் பிடித்து, அவன் சட்டையின் முதுகுப்பக்கத்தை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவன் நிற்கவில்லை. அவளும் விடவில்லை.